அருவியில் பார்த்தால் வணக்கம் சொல்லலாமா?

2019ஆம் ஆண்டு ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. குற்றாலத்து ஐந்தருவியில் சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மேகம் இறங்கி, ஐந்து கிளைகளில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தன. இடுப்பில் துண்டோடு ஆண்கள் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பது, வைத்தால் குரங்கு எடுத்துவிடுமே என்ற கவலையில் அதைப் போட்டபடியே நின்றேன்.

அப்போது குளித்து முடித்து நடுங்கிக்கொண்டே வெளியே வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. வலது கை நெஞ்சு வரை எழுந்தது. "சார்" என்று உதடு அசைந்தது. அவர் பக்கத்தில் பெரிய மனிதர் ஒருவர், பின்னால் இரண்டு இளைஞர்கள். நான் முகத்தைத் திருப்பி, கம்பியில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்தேன். ஓரக்கண்ணால் மறுபடி பார்த்தபோது, எழுந்த கை கீழே இறங்கியிருக்கவில்லை. தலைக்குப் போய் ஈர முடியைச் சொறிந்துகொண்டிருந்தது.

நான் செய்தது சரி என்பதில் அன்று எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

போன மாதம் நீங்கள் நான்கு பேரும் வீட்டுக்கு வந்து, தென்காசியில் சொந்தமாக மனநல ஆலோசனை அறை திறக்கப் போவதாகவும், புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டீர்கள். காபி ஆறுகிறதே என்ற பதற்றத்தில் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நடந்ததைச் சொன்னால்தான் அந்தப் பதில் உங்கள் மனதில் நிற்கும்.

அருவியில் பார்த்தவரை முத்தையா என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், உத்தியோகம் மூன்றில் இரண்டை மாற்றியிருக்கிறேன். எந்த இரண்டு என்று கேட்காதீர்கள்.

தென்காசியில் நான் மனநல ஆலோசகனாக இருந்தபோது என் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே மருந்துக் கடை. முதல் மாடியில் செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் பல் மருத்துவர். மூன்றுக்கும் ஒரே மாடிப்படி. வீட்டுக்காரர் வாடகை பேசும்போது அது ஒரு குறை என்று நினைத்தேன். போகப் போகத்தான் அதன் அருமை தெரிந்தது. மனசு சரியில்லை என்று படியேறுகிறவர் எவரும் தெருவைத் தாண்டும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டால் போதும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெருவைப் பொறுத்தவரை பல்வலிதான்.

வருகிறவர்கள் கையோடு சில எதிர்பார்ப்புகளையும் கொண்டுவருவார்கள். அவற்றைக் கேட்பதில் எனக்குக் கடைசி வரை அலுப்பே தட்டியதில்லை. "சாப்பாட்டுக்கு முன்னால வரணுமா, பின்னால வரணுமா?" என்று கேட்ட ஆசிரியர் உண்டு. "மாத்திரை கெடையாதா? அப்பொ வெறும் பேச்சுக்கா இம்புட்டு ஃபீஸ்?" என்று எழுந்துவிட்ட கடைக்காரர் உண்டு. சீசன் நேரத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், மகனை என் முன்னால் உட்கார வைத்துவிட்டு, "மூணு நாள் ரூம் போட்டிருக்கோம் சார், அதுக்குள்ள சரி பண்ணிருங்க. காலையில அருவி, சாயங்காலம் இங்க" என்றது. அந்தப் பையன் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தான். மூன்று நாளில் அவனுக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்தச் சிரிப்பாக இருக்கலாம்.

ஆகவே முதல் நாள் இவற்றையெல்லாம் சொல்வேன். நான் மருந்து எழுதுகிறவன் இல்லை, மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். எத்தனை தடவை வரவேண்டியிருக்கும் என்பது நாலைந்து தடவை பேசிய பிறகுதான் ஓரளவு தெரியும். சில வாரம் வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருப்பதுபோலத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள், வராமல் இருந்துவிடாதீர்கள். நான் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் போகலாம், எனக்கு வருத்தம் இல்லை. (வருத்தம் உண்டு. அதை அவரிடம் சொல்லக் கூடாது.) இங்கே பேசுவது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று நான் அஞ்சினால் மட்டும் உரியவரிடம் சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்ய முயல்வேன்.

முத்தையாவிடமும் இவ்வளவையும் சொன்னேன். போதும் என்று நினைத்தேன்.

அவர் தலைமைக் காவலர், கீழப்பாவூர் பக்கத்துக்காரர். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, இதய மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். வியாழன் மாலை ஐந்து மணி அவருடைய நேரம். வீட்டில் பல்லுக்கு வேர் சிகிச்சை என்று சொல்லிவிட்டு வருவார். ஆறாவது வாரம் அவர் மனைவி, "அப்பிடி எத்தனை பல்லுதான் இருக்கு ஒங்களுக்கு? முதலைக்குக்கூட இத்தனை வாரம் ஆகாது" என்று கேட்டுவிட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிரித்த வாரத்துக்கு அடுத்த வாரம் விஷயம் வந்தது. அருவிக்கு மூன்று நாள் முந்தைய வியாழன்.

அவருக்கு ஒரே அண்ணன். இருவரும் பேசிப் பதினோரு வருஷம். ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. எதிரில் வந்தால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். உங்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியும். ஒருவர் முகத்தைத் திருப்பினால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை, உறவு முடிந்தது என்று பொருள். அதுவரை என்னிடம் அவர் சொல்லிவந்தது, அண்ணனுக்குப் பொறாமை என்பதுதான். அந்த வியாழன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சார், அப்பா படுக்கையில கெடந்தப்ப அண்ணன் யாவாரத்துக்குக் கேரளாவுக்குப் போயிருந்தான். நான் பத்திர எழுத்தரை வீட்டுக்கே கூட்டியாந்து கெணத்துத் தோட்டத்தை என் பேருக்கு எழுதி வாங்கிட்டேன். அப்பாவுக்குப் பாதி நெனவுதான். நான்தான் பெருவெரலைப் புடிச்சு மையில வச்சேன். அண்ணன் பக்கம்தான் சார் நியாயம். இத எம்பொண்டாட்டிட்டகூடச் சொன்னதில்ல."

ஆவணி மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் பெரியப்பாவுக்கு நேரில் போய்த் தாம்பூலத்தோடு பத்திரிகை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் செங்கோட்டைச் சம்பந்தி வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். அது ஒரு பக்கம். மகளே தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்தப் பெரியப்பா தோளில் ஏறித்தான் அவள் திருவிழா பார்த்தாளாம். "போவமா வேண்டாமான்னு அடுத்த வாரம் பேசுவோம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "சொல்லிட்டேன்லா" என்றார். "சொல்லிட்டீங்க" என்றேன்.

மூன்றாம் நாள்தான் அருவி.

அங்கே அவரோடு நின்ற பெரிய மனிதர் சம்பந்தி என்று பார்த்தவுடனேயே ஊகித்தேன். நான் படித்த பெருநகரத்தில் எனக்குக் கற்றுத்தந்தவர் சொன்ன விதி என் எலும்பில் ஊறியிருந்தது. வெளியிடத்தில் பார்த்தால் தெரிந்தவர்போலக் காட்டிக்கொள்ளாதே, அவரை யாரும் 'இவரை எப்படித் தெரியும்' என்று கேட்கும் நிலைக்குக் கொண்டுவராதே. அருமையான விதி. அந்த நகரத்தில் ஒருவரை வெளியே பார்க்க வாய்ப்பே இல்லை என்பதால் அதை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. தென்காசியில் தேர்முட்டிக்கும் சந்தைக்கும் நடுவில் காலை நடையில் மட்டும் என்னிடம் வருகிறவர்கள் மூன்று பேரைப் பார்த்துவிடுவேன். பெரும்பாலோர் அவர்களாகவே வேறு பக்கம் பார்த்துக்கொள்வதால் எனக்கு இதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

அடுத்த வியாழன் ஐந்து மணிக்கு முத்தையா வரவில்லை. ஐம்பது நிமிடமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வராவிட்டாலும் அவர் நேரம் அவருடையதுதான், அதில் வேறு வேலை செய்ய மாட்டேன். பந்தோபஸ்து வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

முக்கியமான ஒன்றைச் சொன்ன பிறகு வெட்கப்பட்டு ஓரிரு வாரம் வராமல் இருப்பவர்கள் உண்டு. அதுவா? தொலைபேசியில் கேட்கலாம் என்றால் அவர் தந்திருந்தது வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கும் எண். "இந்த எண்ணில் நான் அழைக்கலாமா, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல?" என்று முதல் நாள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் மனைவி எடுத்தால் நான் யார்?

மூன்றாவது வியாழன் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பல் மருத்துவர் மேலே வந்தார். "சார், ஒரு சம்சயம்" என்றார். சந்தேகத்தை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். "ஒருத்தர் மூணு வாரமா வியாழக்கிழமை வந்து என் பெஞ்சுல உட்காருதார். கூப்பிட்டா உள்ள வர மாட்டேங்காரு. பல்லு எதுவும் வலிக்கலையாம். அம்பது நிமிஷம் உட்காந்துட்டு எழுந்து போயிருதாரு. மீசையைப் பாத்தா போலீஸ்காரர் மாதிரி இருக்கு. என் மேல எதும் கேஸா சார்?"

"ஒண்ணும் இருக்காதும்மா, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டுத் தனியாக நின்றேன்.

வீட்டில் வேர் சிகிச்சை என்று சொல்லியாயிற்று. வியாழன் ஐந்து மணிக்கு அவர் எங்காவது இருந்தாக வேண்டும். சிகிச்சை முடிந்துவிட்டது என்று சொல்லி வீட்டிலேயே இருந்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கலாமே, ஏன் இங்கே வந்து ஒரு மாடி கீழே உட்கார வேண்டும்? எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஆனால் கீழே போய், நோயாளிகள் நடுவில், "முத்தையா, மேலே வாங்க" என்று கூப்பிட முடியுமா? அருவியில் மறைத்ததை இங்கே நானே போட்டு உடைத்ததாகும். சும்மா இருந்தால் இன்னும் நாற்பது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். நான்காவது வாரம் வருவார் என்று யார் சொன்னது?

எனக்கும் வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல் நெடுநாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. செலவை நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படியிறங்கினேன். பெயர் எழுதும் பெண்ணிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டு, அதே பெஞ்சில், இரண்டு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆச்சியும் பேரனும். முத்தையா என்னைப் பார்த்தார். உடனே சுவரில் இருந்த பற்பசைப் படத்தைப் பார்த்தார்.

ஆச்சியும் பேரனும் உள்ளே போனார்கள். பெயர் எழுதும் பெண் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"நெசமாவே பல்லா?" என்றார், படத்தைப் பார்த்தபடி.

"நெசமாவே பல்லுதான். ஆனா அதுக்காக வரல."

மீசையை நீவிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு அருவியில என்னப் பாத்தியல்லா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிட்டிய."

"திருப்பினேன்."

"அதான் சார் எனக்குத் தாங்கல. வியாழக்கிழமதான் எல்லாத்தையும் அவுத்துக் கொட்டுனேன். ஞாயித்துக்கிழம திருப்பிட்டிய. சரி, இவருக்கும் வெறுத்துப் போச்சு, இவன்லாம் ஒரு மனுசனான்னு நெனச்சிட்டாருன்னு நெனச்சேன். கேட்டுக்கிட்டிருந்த சாரே இப்பிடின்னா, ஏமாந்த எங்கண்ணன் என்ன செய்வான்? பத்திரிகையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு விட்டுட்டேன்."

"பெறகு ஏன் இங்க வந்து உட்காருதீங்க?"

"வேற எங்கன போவ?" என்றார். பிறகு, "ஒரு வாரமாச்சும் நீங்க எறங்கி வாரியளான்னு பாத்தேன்."

அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "உங்க சம்பந்தி பக்கத்துல நின்னாரு. நான் கையெடுத்தா, 'யாரு இவரு?'ன்னு கேப்பாரு. உங்களுக்கு அந்தச் சங்கடம் வரக் கூடாதுன்னுதான் திருப்பினேன். இது எங்க தொழில்ல ஒரு வழக்கம். உங்க மேல எனக்கு வெறுப்பு கெடையாது. அன்னைக்கும் கெடையாது."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். முகத்தில் முதலில் வந்தது நிம்மதி என்று எழுத ஆசைதான். வந்தது கோபம்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்? எங்க ஸ்டேஷன்ல ஒருத்தனப் புடிச்சாக்கூட எதுக்குப் புடிக்கோம்னு சொல்லித்தான் புடிக்கோம். நீங்க சொல்லாமக் கொள்ளாம என்னய மூணு வாரம் உள்ள வச்சிட்டியளே!"

அவர் கேட்டது சரி. விதி எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? முகம் திருப்புவதற்கு என் புத்தகத்தில் ஒரு பொருள், அவர் தெருவில் வேறொரு பொருள். இரண்டும் இடிக்கும் இடத்தில் நிற்கிறவர் அவர். அதை வருமுன் சொல்ல வேண்டியவன் நான்.

"இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு" என்றேன். "மேல வாரீங்களா?"

"நீங்க மொதல்ல போங்க. சேந்து போனா அந்தப் பிள்ள பாக்கும்" என்றார் போலீஸ்காரர்.

மேலே வந்ததும் முதல் பத்து நிமிடம் ஒப்பந்தம் பேசினோம். வெளியே பார்த்தால் நான் முதலில் பேச மாட்டேன். அவர் தலையசைத்தால் நானும் அசைப்பேன். அவர் பேசினால் பேசுவேன், மழையையும் அருவியையும் பற்றி மட்டும். பேசாமல் போனால் நானும் தவறாக நினைக்க மாட்டேன். யாராவது எப்படிப் பழக்கம் என்று கேட்டால்?

"பல் டாக்டர்ட்ட பாத்த பழக்கம்னு சொல்லிக்கிடுதேன். அதான் இப்பொ நெசமாயிட்டுல்லா" என்றார்.

மீதி நேரத்தில் அண்ணனைப் பற்றிப் பேசினோம். போகச் சொல்லியோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நம் வேலை இல்லை. இதையும் வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இந்த ஊரில் 'டாக்டர் சொல்லிட்டாரு' என்று பொறுப்பை நம் தலையில் கட்டிவிடுவார்கள். போனால் எது நடந்துவிடும் என்று அஞ்சுகிறார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். "அவன் திரும்பிக்கிடுவான் சார். அத நான் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பயம்.

ஆடி முடிந்து முதல் வியாழன் வந்தார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"போனேன் சார். அவன் தோட்டத்துல மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தான். தட்டோட வரப்புல நின்னேன். பாத்தான், வழக்கம்போலத் திரும்பிக்கிட்டான். மொதல்லயே சொல்லிட்டேன் சார். 'ண்ணே, நீ திரும்பியே நில்லு. நான் தப்பா எடுத்துக்கிட மாட்டேன். ஆனா ரெண்டு விசயம் சொல்ல வந்திருக்கேன், கேட்டுட்டுப் போன்னு சொல்லு, போயிருதேன்'னேன். அப்பா வெரல நான் புடிச்சதச் சொன்னேன். கெணத்துத் தோட்டத்துல பாதி ஒன்னுது, கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் எழுதித் தாரேன்னு சொன்னேன். பெறகு பத்திரிகைய வரப்புல வச்சேன்."

"திரும்பினாரா?"

"திரும்பல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க சார். திரும்பல. ஆனா நான் பேச ஆரம்பிச்சப்பொ, சத்தத்துல கேக்கலன்னு, போயி மோட்டார நிறுத்திட்டான். முழுசும் பேசி முடிக்கிற வரைக்கும் போடல. தண்ணி பாதி வயலோட நின்னுட்டு."

அதைச் சொன்னபோது அழுதார். ஐம்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அழுதார் என்று நினைக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்த என் மிகச் சில மணி நேரங்களில் அது ஒன்று.

போகும்போது, "ஒங்களுக்கும் பத்திரிகை தரலாமா சார்?" என்று கேட்டார்.

"தாங்க. ஆனா வர மாட்டேன்."

"அது மூஞ்சியத் திருப்புறது இல்ல, தெரியும்" என்றார்.

கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, மணப்பெண்ணின் தலையில் கை வைத்துவிட்டு, தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல், மூன்றாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். பாயசம் இரண்டு தடவை வாங்கினார் என்று முத்தையா விசாரித்து வைத்திருந்தார். சொன்னபடி மறுவாரம் பத்திரம் எழுதப்பட்டது. அதற்குப் பின் அவர் ஐந்து வியாழன் வந்தார். ஆறாவது வாரம், தூக்கம் வருகிறது, போதும் என்று நேரில் வந்து சொல்லிவிட்டு நிறுத்தினார். சொல்லாமல் நின்றுவிடாமல் வந்து சொன்னார் பாருங்கள், அதை நான் பெரிதாக எண்ணுகிறேன். கொரோனாவுக்கு மூடிய அருவிகளைத் திறந்த பிறகு வந்த சீசனில் பழைய குற்றாலத்தில் எதிரில் வந்தார். கூட்டத்தில் தூரத்திலேயே தலையசைத்தார். நானும் அசைத்தேன். அவரோடு வந்த வயதானவரும் ஏனென்று தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கும் முத்தையாவின் அதே மீசை, அண்ணனாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து, ஓய்வு பெறும் வரை, புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் கட்டணத்துக்கும் நேரத்துக்கும் முன்பே நான் கேட்ட கேள்வி இதுதான்: "நாளைக்கே உங்களைக் கடைத்தெருவிலோ அருவியிலோ பார்த்தால் நான் என்ன செய்யட்டும்?" ஒவ்வொருவர் பதிலும் வேறு. ஓர் அம்மா, "கட்டாயம் வணக்கம் சொல்லணும், இல்லேன்னா எம்மருமக என்னைய மதிக்க மாட்டா" என்றார். ஒரு கல்லூரிப் பையன், "தயவு செஞ்சு ஓடிருங்க சார்" என்றான். இரண்டையும் அப்படியே செய்தேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மூன்றாவது வியாழன் நான் பெஞ்சில் பெயர் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டேன் அல்லவா? ஆறு மணிக்குப் பல் மருத்துவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவது அவருக்கு அலுத்துப் போயிருந்தது. தப்பிக்க வழியில்லாமல் வாயைத் திறந்தேன். வேர் சிகிச்சை நான்கு தடவை, எக்ஸ்ரே படம் இரண்டு, பல்லின் மேல் ஒரு மூடி. மேல் மாடிக்காரர் என்று முந்நூறு குறைத்துக்கொண்டார். மொத்தம் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.